கையூன்றாமல்

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள் அந்தப் பெண். பாக்கியலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முயன்றாள். ஒரு சாண் மேலே வந்தாள். தொடை இரண்டும் வெடவெடத்தன. திரும்ப நாற்காலியிலேயே விழுந்தாள். சுவரோரம் நின்றிருந்த சந்திரன் பிடிக்க ஓடி வந்தான். அந்தப் பெண் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். இரண்டாவது முறையும் முடியவில்லை. மூன்றாவது முறை பாக்கியம் முயலவேயில்லை. தலையைக் குனித்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்து அகப்பட்டவள் மாதிரி சிரித்தாள்.

முப்பது வயதுதான் அவளுக்கு. ஒரு வருஷத்துக்கு முன்புவரை தெருக்குழாயிலிருந்து தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக ஒரே நடையில் தண்ணீர் கொண்டுவந்தவள்.

அந்தப் பெண்ணின் பெயர் தாரணி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். அவள் அப்பா ரயில்வே வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்டவர். தாரணி பேசுகிற தமிழில் பாதி கன்னடமும் இங்கிலீஷும் கிடக்கும். சரஸ்வதிபுரத்துப் பக்கம் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தொண்ணூற்றாறாம் வருஷம் டயாலிசிஸ் மெஷின் இரண்டோ மூன்றோதான். கிட்னி மாற்றுவதற்குப் பெங்களூர்தான் போக வேண்டும். பெங்களூர் டாக்டர் பாக்கியத்தைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, கொடுக்க ஆள் இருந்தாலும் இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, கால் சதையெல்லாம் கரைந்துவிட்டது, நெஞ்சும் சோர்ந்திருக்கிறது, கொஞ்சம் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார். தேற்றுகிற வேலை தாரணியிடம் வந்தது.

சந்திரனுக்கும் பாக்கியத்துக்கும் பூர்வீகம் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர்ப் பக்கம். அவள் அவனுக்குச் சொந்த அத்தை மகள். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். சந்திரன் மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிறவன். விடியலுக்கு முன் லாரி வரும். தலையில் சும்மாடு வைத்து, தார் மேல் தாராக உள்ளே கொண்டுபோய்ச் சாய்க்க வேண்டும். அவனுடைய அண்ணன் மாரிசாமிதான் அந்த ஆட்களுக்கு மேஸ்திரி. பாக்கியம் வீட்டில் ஊதுபத்தி தேய்ப்பாள். கரித்தூளும் பசைத்தூளும் சேர்த்துப் பிசைந்த கருப்பு மாவைப் பலகையில் வைத்து, மூங்கில் குச்சியை உள்ளங்கையால் ஒரு உருட்டு. பேச்சு ஒரு பக்கம் நடக்க, கை ஒரு பக்கம் ஓடும். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கி, பிரஷர் ஏறிக் கலைந்துபோயின. இரண்டாவதற்குப் பிறகு வடிந்த முகம் திரும்ப வீங்கியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டுபிடித்தபோது இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டிருந்தன.

கிட்னி கொடுக்க அவளுடைய அம்மா மாதம்மா இருந்தாள். ஹனூரில் மிச்சமிருந்த சோளக்காட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்கே வந்துவிட்டாள். புதுச் சட்டம் வந்த பிறகு வெளி ஆளிடம் வாங்க முடியாது. பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள், இல்லாவிட்டால் புருஷன் பெண்டாட்டி. பாக்கியத்துக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பாவும் இல்லை. மாதம்மா திடமாக இருந்தாள். எனக்கு எதற்கு இரண்டு, களையெடுக்க ஒன்று போதாதா என்று டாக்டரிடமே கேட்டாள்.

வீட்டில் நாற்காலி கிடையாது. சந்திரன் ஒரு பூக்கடைக்காரர் தூக்கிப் போட இருந்த இரும்பு நாற்காலியை வாங்கி வந்து, காலுக்கு அடியில் ரப்பர் வெட்டி வைத்து அறையின் நடுவில் போட்டான். ஊதுபத்திப் பலகை மூலைக்குப் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்க வேண்டும். கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக் காலை நீட்டி மடக்க வேண்டும். மணல் மூட்டையைச் சந்திரனே பழைய லுங்கித் துணியில் தைத்து, வாழைக்காய்க் கடைத் தராசில் நிறுத்து எடுத்துவந்தான். சுமக்கிறவர்களுக்கு எடை தெரியும். எவ்வளவு கனத்துக்கு அவளுடைய முட்டி நடுங்குகிறது என்று பார்த்துப் பார்த்து மணலைக் கூட்டினான், குறைத்தான்.

பிறகு நடை. டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம், லாரி வேலை முடிந்து வெயில் ஏறுவதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவான். சின்ன கடியாரம் என்கிற மணிக்கூண்டிலிருந்து சயாஜிராவ் ரோட்டில் கொஞ்ச தூரம். முதல் வாரம் நாலு கடை தாண்டுவதற்குள் மூடியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் கெம்பம்மா தினமும் எங்கே போகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்பாள். எங்கேயும் இல்லை, சும்மா நடக்கிறோம் என்று பாக்கியம் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. எங்கேயும் போகாமல் எதற்கு நடப்பது? பாக்கியத்துக்கும் அது வெட்கமாகத்தான் இருந்தது. வெறுங்கையோடு நடக்கக் கூச்சப்பட்டு ஒரு துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பார்க்கிறவர்கள் காய் வாங்கப் போகிறாள் என்று நினைக்கட்டும். தெருவில் இருவரும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். காவிரிக் கலவரத்துக்குப் பிறகு வந்த பழக்கம். ரோட்டில் யாரும் இல்லாத இடத்தில் மட்டும் அவள் தமிழுக்கு வருவாள்.

சாப்பாடு பெரிய கஷ்டம். உப்பு கூடாது. காயை வேகவைத்து அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டி, திரும்ப வேகவைத்துச் சக்கையாகத் தின்ன வேண்டும். ராகிக் களி கூடாது. வாழைப்பழம் விஷம் என்றே டாக்டர் சொல்லியிருந்தார். சந்திரன் மேலெல்லாம் ரசபாளைப் பழ வாசனையோடு வீட்டுக்குள் வருவான். அவள் மூக்கைச் சுளிக்காமல், வாசலிலேயே குளித்துவிட்டு வரச் சொல்லுவாள். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டு அடக்கிக்கொண்டு, அந்த வாயோடேயே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவாள்.

உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டது. தசரா ஊர்வலத்தைப் பார்க்கக் கூட்டத்தில் நின்றாள். கால் வலித்தது, ஆனால் உட்காரவில்லை. கார்த்திகைக்கு முன்னால், விரல் நுனியை மட்டும் நாற்காலிக் கையில் வைத்து எழுந்தாள். தாரணி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மாதம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்.

அதே மாதத்தில்தான் மாதம்மாவின் சோதனைகள் முடிந்தன. அவளுக்குச் சர்க்கரை இருந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ, யாருக்கும் தெரியாது. அவளுடைய கிட்னியையும் அது தொட்டுவிட்டிருந்தது. கொடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை மாதம்மா முதலில் நம்பவில்லை. எனக்குத் தலைவலி கூட வந்ததில்லையே என்றாள். டாக்டர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். பிறகு, சுற்றி வளைக்காமல், புருஷனுக்கும் பாக்கியத்துக்கும் ஒரே ரத்தப் பிரிவு, அவனும் ஆரோக்கியமாக இருக்கிறான், வீட்டில் பேசி முடிவு பண்ணுங்கள் என்றார்.

பாக்கியமும் அங்கேயே இருந்தாள். சந்திரன்தான் பேசினான். முதலில் இவள் நன்றாகத் தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்றான். டாக்டர் தலையாட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் மாரிசாமி வந்தான். வெளியே தம்பியைக் கூட்டிப் போய், டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினான்.

"அவ எனக்கும் அத்த மவதான்டா. எனக்கு மட்டும் வயிறு எரியலையா? ஆனா நீ சொமக்கறவன். ஒண்ண அறுத்து எடுத்துப்போட்டா பொறவு தார் தூக்குவியா? ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா யாரு பாக்கறது? அவளுக்கு வெச்சதும் நிக்குமோ நிக்காதோ."

மூன்று மாதத்தில் பழையபடி வேலை செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சந்திரன் அதை அண்ணனிடம் சொல்லவில்லை. அண்ணன் பேசப் பேச அவனுக்கு உள்ளே ஏதோ இறங்கி அமைதியானது. அவன் பயந்துகொண்டிருந்தான். அண்ணன் சொன்ன காரணம் அந்தப் பயத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை மாதிரி வாய்த்தது. தார் தூக்கும்போது இப்போதெல்லாம் அவன் கை தானாக விலாவுக்குக் கீழே போய்த் தொட்டுப் பார்த்தது. மல்லாந்து படுத்தால் ஆபரேஷன் அறை விளக்குகளும் முகமூடிகளும் கண்முன் வந்தன. ஒருவரிடமும் சொல்லவில்லை.

சொல்வதற்குப் பதிலாக நடந்தான். அதுவரை சயாஜிராவ் ரோட்டோடு திரும்பியவர்கள் இப்போது அரண்மனையைச் சுற்றிக்கொண்டு தொட்டகெரே மைதானம் வரை போனார்கள். மணல் மூட்டை கனமாயிற்று. வீட்டுக்கு வந்ததும் அவன் தரையில் குந்தி அவளுடைய கெண்டைக்கால் சதையைக் கையால் அழுத்திப் பார்ப்பான். இறுகியிருந்தால் முகம் மலர்ந்துபோகும். பீடியை விட்டுவிட்டான். அவளுக்காக இறுத்த காயையே அவனும் தின்றான். வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் இப்படி ஒரு புருஷனைப் பார்த்ததில்லை என்றார்கள். பாக்கியம் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். தினமும் காலையில், நான் கொடுக்கிறேன் என்று இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் கிளம்பினான். நடை முடிவதற்குள் வெயில் வந்துவிடும்.

பொங்கலுக்குப் பிறகு மாதம்மா ஊருக்குக் கிளம்பினாள். கூலி வேலைக்காவது போகிறேன், இங்கே உட்கார்ந்து உங்கள் சோற்றைத் தின்ன முடியவில்லை என்றாள். பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடப் போன சந்திரனிடம், பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னாள்.

"உன்னய நான் எதும் கேக்கல சாமி. கேட்டா அது கேட்டு வாங்கினதாயிரும். நீயா யோசிச்சுப் பாரு."

அவன் சரிங்கத்தே என்றான்.

மாசி மாதம் ஒரு நாள் பாக்கியம் இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். தாரணி போதும் என்று சொல்கிறவரை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் மாடிவரை ஒரு மூச்சில் ஏறி, மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய குறும்பு வந்திருந்தது. கீழே நின்ற தாரணி சந்திரனை ஓரமாக அழைத்தாள்.

"சந்திரன், அவங்க ரெடி. பெங்களூருக்கு நான் ரிப்போர்ட் அனுப்பறேன்."

"இன்னும் கொஞ்சம் எக்சர்சைஸ் குடுங்க மேடம். இன்னும் சொல்ப பலம் வரட்டும்."

"எதுக்கு?"

அவன் மாடிப்படியைப் பார்த்தான். தாரணி கோபமாகப் பேசவில்லை, அதனால்தான் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பலம் வந்தாச்சு. இது இப்படியே இருக்காது. டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு ஒரு ஜொரம் வந்தா போதும், இத்தனை மாசம் பண்ணதெல்லாம் ஹோய்த்து, போச்சு. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல. குடுக்க ஆள்தான் வரணும்."

மறுநாள் காலை மைதானத்தோரம் நடந்துகொண்டிருந்தபோது பாக்கியம் நின்றாள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். பக்கத்தில் ஆள் இல்லை. மரத்தடியில் ஒரு குதிரைவண்டிக்காரன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க எதோ சொல்ல வந்தீங்களே மாமா."

"நானா? ஒண்ணுமில்லையே."

"இல்லீங்க, கொஞ்ச நாளாவே சொல்ல வரீங்க. நான் வெரசா நடந்தா உங்களுக்குச் சொல்ல வரலையோன்னுதான் நின்னேன்."

அவன் அவளைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருத்து, தோல் சாம்பல் பூத்து, இடது முழங்கையில் டயாலிசிஸுக்காக நரம்பை இணைத்த இடம் ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரி புடைத்திருந்தது. அதில் கை வைத்தால் வண்டு ஒன்று உள்ளே ரீங்காரமிடுவது மாதிரி அதிரும். அவள் காத்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லாத அந்தத் துணிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வெயில் வருது, நட" என்றான்.

அவள் நடந்தாள். அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. நடப்பதில் குறை வைக்கவுமில்லை. அவன் சொன்ன இடம்வரை வந்தாள், சொன்ன கனத்தைத் தூக்கினாள். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. கெண்டைக்கால் சதையை அவன் அழுத்திப் பார்க்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது. மார்க்கெட் சந்தெல்லாம் அழுகின பூவும் வாழை மட்டையும் சேறாகிக் கிடந்தன. பாக்கியத்துக்குச் சாயங்காலம் ஆனால் உடம்பு காய்ந்தது. மழையில் நனைந்ததுதான் என்று கஷாயம் கேட்டாள். அளவுத் தண்ணீரில் அதற்கு இடமில்லை. இருமல் வந்தது. பிறகு மூச்சுத் திணறல். நெஞ்சில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். டி.பி. என்று வந்தது.

டாக்டர் சந்திரனை உட்கார வைத்துச் சொன்னார். தாரணியும் அறையில் இருந்தாள். இந்த நிலைமையில் கிட்னி வைத்தால், அது நிற்பதற்காகக் கொடுக்கிற மருந்தே டி.பி.யைப் பரப்பி ஆளைக் கொன்றுவிடும், குறைந்தது ஒரு வருஷம் மருந்து சாப்பிட வேண்டும், அதுவரை ஆபரேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். சொல்லி முடித்து மேஜை மேலிருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது சந்திரன் சொன்னான்.

"நான் குடுக்கறேன் சார்."

இத்தனை மாதம் தொண்டையை விட்டு வெளியே வராத வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இப்போது வேண்டாமப்பா, மருந்து முடியட்டும், பார்க்கலாம் என்றார். தாரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டிலில் கிடந்த மூன்று வாரத்தில் கால் போய்விட்டது. மாதக்கணக்கில் ஏற்றிய சதை எப்படி இவ்வளவு சீக்கிரம் போகும் என்று சந்திரனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய காலை மடக்கி நீட்டிக்கொண்டேயிருந்தான். மணல் இல்லை, ஒன்றும் இல்லை, காலின் கனமே அவளுக்குத் தாங்கவில்லை. தாரணி வந்து, வேண்டாம், அவங்களுக்கு வலிக்கும் என்று அவன் கையை எடுத்துவிட்டாள். மாதம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள்.

ஒரு மத்தியானம் மாதம்மா சாப்பிடப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு, ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சந்திரன் குனிந்து அவள் காதருகே சொன்னான்.

"பாக்கியம், நான் குடுக்கறேன்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். மூச்சை இழுத்து இழுத்துத்தான் பேச முடிந்தது.

"அவரு என்ன சொன்னாரு?"

"மருந்து முடியட்டும்னாரு. இப்ப முடியாதாம்."

அவள் தலையை அவன் பக்கம் திருப்பினாள்.

"அவரு முடியாதுன்னு சொன்ன பொறவு சொன்னீங்களா மாமா? இல்ல, முன்னாடியே சொன்னீங்களா?"

"முன்னாடியே" என்றான் சந்திரன். "முன்னாடியே சொல்லிட்டேன் பாக்கியம்."

அவள் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஊசி குத்தாத கையை எடுத்து அவன் கையின் மேல் வைத்தாள். உதடு நனைக்கத் தண்ணீர் கேட்டாள். அவன் பஞ்சில் நனைத்து வைத்தான். மாதம்மா திரும்பி வந்ததும், அம்மா, மாமா குடுக்கறேன்னு சொல்லிட்டாங்களாம், முன்னாடியே சொல்லிட்டாங்களாம் என்று இரண்டு தடவை சொன்னாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் ஊர்ப் பெண்ணின் பெருமை இருந்தது. மாதம்மா மருமகனைப் பார்த்தாள். அவன் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தான்.

அம்மனுக்கு விசேஷமான ஆஷாட மாதம் முதல் வெள்ளிக்கிழமை. ஊர் சனமெல்லாம் சாமுண்டி மலைக்கு ஏறிக்கொண்டிருந்த காலையில் பாக்கியம் போய்விட்டாள்.

சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் மாதம்மா சொன்னாள். என் அண்ணன் மகன் தன் கிட்னியை அறுத்துத் தரத் தயாராக இருந்தான், அவளுக்குத்தான் வாங்கிக்கொள்ளக் கொடுத்து வைக்கவில்லை என்றாள். கெம்பம்மா அதைக் கன்னடத்தில் வரிசை வீடு முழுக்கச் சொன்னாள். மார்க்கெட்டுக்காரர்கள் வந்து சந்திரனின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மாரிசாமியும் அதையே சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல, தானே தம்பியைக் கொடுக்கச் சொன்னதாக அவன் நம்பிவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் சந்திரன் எழுந்து வெளியே போனான். அடக்கமான பிள்ளை என்றார்கள்.

அஸ்தி கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணம் போனார்கள். காவிரியில் புதுவெள்ளம் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கரைத்து முடித்ததும் மாரிசாமியும் மற்றவர்களும் மேலே போய்விட்டார்கள். மாதம்மா கடைசிப் படியில் நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சந்திரன் முழங்கால் தண்ணீரில் நின்றான்.

"அத்தே, நான் முன்னாடி சொல்லல. டாக்டர் முடியாதுன்னு சொன்ன பொறவுதான் சொன்னேன்."

"தெரியும் சாமி. அன்னிக்கே போயி டாக்டர்கிட்டக் கேட்டேன்."

தண்ணீர் இழுத்தது. அவன் காலை ஊன்றிக்கொண்டான்.

"தெரிஞ்சுமா எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்றீங்க? வேண்டாமுங்கத்தே. என்னால கேக்க முடியல."

மாதம்மா பிழிந்த முந்தானையை உதறித் தோளில் போட்டாள்.

"அவ அதச் சொல்லிக்கிட்டுத்தான் போனா. என்ற புள்ள கடைசியா வெச்சிருந்தது அது ஒண்ணுதான். நீ அத யார்கிட்டயும் போயி மாத்திச் சொல்லிப்போடாத."

கொள்ளேகால் வழி ஹனூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள். அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கவில்லை.